சிரிப்பு ஷாட்

இல்ல சார், பை மேல வேண்டாம். மடியிலயே இருக்கட்டும், உள்ள கேமரா இருக்கு. ஜன்னல் சீட்டை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு இன்னிக்கு வெளிய பாக்கற தைரியம் இல்ல. வழியில எங்கயாவது பூ தூவிக்கிட்டு, தாரை தப்பட்டையோட ஒரு ஊர்வலம் போகும். அதைப் பார்த்தேன்னா இங்கயே மயக்கம் போட்டு விழுந்துடுவேன். சும்மா சொல்லல சார். காலையில போகும்போது விக்கிரவாண்டி கிட்ட ஒண்ணு பார்த்தேன். பத்து நிமிஷம் கையை இப்படிப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். நாடி பாத்துக்கிட்டு.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஆமாம், அவனேதான். பூவராகன். 'மடைவாசல்' எடுத்த பூவராகன். டிவியில கொஞ்சம் சிவப்பாத் தெரிவேன், அது லைட்டிங். டைரக்டர் எதுக்கு கவர்மென்ட் பஸ்ல வர்றான்னுதானே? கம்பெனி காரை எடுத்தா டிரைவருக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரிஞ்சா சினிமாக்காரங்க இருக்கற மொத்த சாலிகிராமத்துக்கும் தெரியும். பூவராகன் பயந்து போயிருக்கான்னு ஒரு பேச்சு கிளம்பினா என் கதை முடிஞ்சுது. பயந்த டைரக்டருக்கு எந்த ஹீரோவும் கால்ஷீட் குடுக்க மாட்டான்.

வாத்தியாரா நீங்க? நினைச்சேன், சட்டைப் பையில ரெண்டு பேனா. தாம்பரம் வரைக்குமா? நல்லதாப் போச்சு. பேசிக்கிட்டே போலாம். யார்கிட்டயாவது சொல்லணும் சார். வீட்ல சொன்னா அவ எனக்கு மேல பயப்படுவா.

ஒரு பெரியவரைப் பார்த்துட்டு வரேன். வளவனூர்ல. அவரு சிரிக்கறதை ஒரே ஒரு ஷாட் எடுத்துட்டு வரணும்னுதான் போனேன். அவரு சிரிச்சா அவரும் பிழைப்பாரு, நானும் பிழைப்பேன்.

புரியலையா? முதல்லேர்ந்து சொல்றேன்.

நான் பதினோரு வருஷம் அசிஸ்டென்ட் டைரக்டர். கிளாப் அடிச்சு, சீன் பேப்பர் எழுதி, நடிகருங்க சட்டைக்கு எத்தனை பட்டன் போட்டிருந்துச்சுன்னு நோட்டுல குறிச்சு, அப்படி வந்தவன். அப்புறம் நாலு வருஷம் கதை சொல்லிக்கிட்டு அலைஞ்சேன். எங்க தொழில்ல கதையை எழுதிக் குடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க. வாயாலதான் சொல்லணும். ரெண்டரை மணி நேரம், பின்னணி இசை உட்பட. நான் சாவு வீட்டு சீன் சொல்லி அழுதுக்கிட்டு இருப்பேன், எதிர்ல தயாரிப்பாளர் கொட்டாவி விடுவாரு. அந்த வயசுலயே வயித்துல ஒரு பயம் குடி வந்துடுச்சு சார். இன்னி வரைக்கும் காலி பண்ணல.

'மடைவாசல்' வந்த அன்னிக்கு நான் தியேட்டர்ல உட்காரவே இல்ல. ஆபரேட்டர் ரூம்ல ஒளிஞ்சிருந்தேன். ஜனங்க அசையாம உட்கார்ந்திருக்காங்க. போச்சுடான்னு நினைச்சேன். கிணத்து சீன் வந்தப்போ ஒரு பொம்பளை "அய்யோ, பாத்துடி!"ன்னு திரையைப் பார்த்துக் கத்தினா. அந்தக் குரல்தான் எனக்கு விருது. நீங்களும் பார்த்திருக்கீங்களா? சந்தோஷம் சார். நூறு நாள் ஓடிச்சு.

ரெண்டாவது சுமாரா போச்சு. மூணாவது படத்துக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துடுச்சு. பேட்டியில "எனக்கு சென்டிமென்ட் எல்லாம் கிடையாது, பூசணிக்காய் உடைக்கறதுக்கு பதிலா சாம்பார் வைக்கலாம்"னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. பூஜை அன்னிக்கு நிஜமாவே உடைக்க விடல. படம் வெள்ளிக்கிழமை மத்தியானமே படுத்துடுச்சு. யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்லல சார். ஆனா எல்லாரும் என்னையே பார்த்தாங்க.

அப்புறம் ஆறு வருஷம் படம் இல்ல. ஆறு வருஷம்! டீக்கடையில எனக்கு வணக்கம் வச்சவனெல்லாம் செல்போனைப் பார்த்துக்கிட்டே தாண்டிப் போவான். இப்போ எடுத்துக்கிட்டு இருக்கற 'பங்காளி வீடு'தான் எனக்குக் கடைசி வாய்ப்பு. அதனால இந்தத் தடவை ஒண்ணையும் விடல. பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கேமராவுக்குப் பொட்டு, அய்யர், பாதிரியார், தர்கா, எல்லாம். அவ்வளவும் பண்ணிட்டு ஒண்ணை விட்டுட்டேன் சார். சிரிப்பு ஷாட்டை விட்டுட்டேன்.

அது என்னன்னா, செத்த மாதிரி ஒருத்தர் நடிச்சா, சீன் முடிஞ்சதும் அவரை எழுப்பி உட்கார வச்சு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்போம். படத்துல வராது. யாரும் பாக்கவும் மாட்டாங்க. ஆனா எடுத்தே ஆகணும். சாவோட கேமராவை மூடக் கூடாது, சிரிப்போட மூடணும்னு ஒரு ஐதீகம். எங்கள்ல சாமி கும்பிடாதவன்கூட இதை விட மாட்டான்.

பெரியவர் பேரு அங்கப்பன். எழுபத்திரெண்டு வயசு. நாடகத்துல ராஜாவா நின்னவரு. சினிமாவுல பஞ்சாயத்துல உட்கார வச்சாங்க, இல்லன்னா பாடையில படுக்க வச்சாங்க. எங்க படம் ஆரம்பிக்கறதே ஒரு சாவுலதான். அப்பன் வாசல்ல பாடையில கிடக்கறாரு, கொள்ளிச்சட்டியை யாரு தூக்கறதுன்னு ரெண்டு பிள்ளைங்களும் அடிச்சுக்கறாங்க. அந்தப் பிணம் இவருதான். செஞ்சி பக்கத்துல ஒரு ஊரு, மே மாசம், பாறைச் சூடு. உச்சி வெயில்ல நிழலே இல்லாம எடுக்கணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். அந்த சீனுக்கு உயிரே வெயில்தான் சார்.

சவரிமுத்துன்னு என் கோ-டைரக்டர், என்னோட இருபது வருஷமா இருக்கான். அவன் சொன்னான், "அண்ணே, தூரத்து ஷாட்டுக்கு பொம்மை வச்சுக்கலாமே"ன்னு. நான் ஒத்துக்கல. பொம்மை பொம்மையாத்தான் தெரியும். பெரியவருக்கு முன்னாடி நானே பாடையில ஏறிப் படுத்துக் காட்டினேன். தலை இப்படிச் சாயணும், வாய் இவ்வளவு திறந்திருக்கணும்னு. அதுவும் ஒரு தப்பு சார். நானும் சிரிக்காமயே எழுந்துட்டேன். அதை அப்புறம் சொல்றேன்.

அங்கப்பன் அய்யா மாதிரி மூச்சடக்கற ஆளை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. ஒண்ணரை நிமிஷம் அப்படியே கிடப்பாரு. இருந்தாலும் பன்னெண்டு டேக் போச்சு, கடைசி நேரத்துல வயிறு லேசா ஏறி இறங்கிடும். "ஒன் மோர்"ம்பேன், இன்னொரு டேக்னு அர்த்தம், அவரு மறுபடி மூச்சடக்குவாரு. நான் நல்லபடியாத்தான் சொன்னேன், "அய்யா, பிணத்துக்கு வயிறு ஏது?"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சிருப்பாரு, ஆனா அப்ப கேமரா ஓடலையே!

சாப்பாட்டு பிரேக்ல அவரை எழுப்பல. மார் மேல அவ்வளவு பூவையும் மாலையையும் ஒண்ணொண்ணா அடுக்கியிருக்கு. எழுந்தா எல்லாம் கலைஞ்சுடும், மறுபடி அதே மாதிரி வைக்க ஒரு மணி நேரம் ஆகும், கன்டினியூட்டி போயிடும். "பெரியவரை அசைக்காதீங்க"ன்னு நானே சொல்லிட்டுப் போனேன். யாரோ குடை பிடிச்சாங்க. தண்ணியும் அதிகம் குடுக்க வேண்டாம்னுட்டேன். குடிச்சா வேர்க்கும். பிணம் வேர்க்கக் கூடாது இல்லையா? இதெல்லாம் சின்னச் சின்ன நுணுக்கம் சார். ஜனங்க கவனிக்க மாட்டாங்க, ஆனா சீனை நம்புவாங்க.

நாலரை மணிக்கு வேப்பமர நிழல் பாடைக்கு வந்துடுச்சு. கடைசி குளோசப்பை எப்படியோ பிடிச்சுட்டேன். சவரி ஓடி வந்தான். "அண்ணே, சிரிப்பு ஷாட்." அந்த நேரம் பார்த்து ஹீரோ கேரவன்ல ஏறிட்டாரு, அவருக்கு அடுத்த சீன் சொல்லியாகணும். "நாளைக்கு எடுத்துக்கலாம் போடா"ன்னேன். மூணே மூணு வார்த்தை சார். என் தலையெழுத்தை நானே எழுதிட்டேன்.

மறுநாள் பெரியவர் வரல. காய்ச்சல்னாங்க. மூணாம் நாள் ஆஸ்பத்திரியில நினைவு தப்பிக் கிடக்கறாருன்னாங்க. சிறுநீரகம் வேலை செய்யலையாம். சிரிப்பு ஷாட் எடுக்காததோட வேலை அதுன்னு எனக்கு அப்பவே பொறி தட்டிடுச்சு. சரி, தற்செயலா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நாலாம் நாள் ஜெனரேட்டர் நின்னுது. அஞ்சாம் நாள் ஹீரோவுக்கு முதுகுல கட்டி. அடுத்த வாரம் எனக்கு இங்க, இடது பக்கம், ஊசி குத்தற மாதிரி. அப்பதான் உறைச்சுது. பாடையில படுத்தது ரெண்டு பேரு. சிரிக்காம எழுந்ததும் ரெண்டு பேரு. முதல் ஆளு ஆஸ்பத்திரியில. அடுத்தது யாரு?

நான்தானே சார்?

ஈசிஜி எடுத்தேன். நல்லா இருக்குன்னாரு டாக்டர். நல்லா இருக்குன்னு சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கல. வேற டாக்டர்கிட்டப் போனேன். அவரும் நல்லா இருக்குன்னாரு. ரெண்டு பேரும் பொய் சொல்றாங்கன்னு தோணுச்சு. படுத்தா பாடையில படுத்த மாதிரி இருக்கு. அதனால நாலு வாரமா நாற்காலியில உட்கார்ந்துதான் தூங்கறேன்.

எடிட்டிங் ரூம்ல உட்கார்ந்து அன்னிக்கு எடுத்த அவ்வளவையும் ஓட விட்டுப் பார்த்தேன். ஏதாவது ஒரு டேக் முடிவுல, கேமரா நிக்கறதுக்குள்ள, பெரியவர் தெரியாமச் சிரிச்சிருந்தா போதுமே! அதையே சிரிப்பு ஷாட்டுன்னு வச்சுக்கலாமே! ஒன்பதாவது டேக்ல உதடு அசையுது சார். பெருசு பண்ணிப் பார்த்தோம். எடிட்டர் சொல்றாரு, "சிரிக்கல சார், ஏதோ கேக்கறாரு." சத்தம் பதியல, டப்பிங்தானே பண்ணப் போறோம். திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆமாம், சிரிப்பு இல்ல. எனக்கு வேண்டியது சிரிப்பு. அதனால அதை விட்டுட்டேன்.

முந்தாநாள் சவரி சொன்னான், பெரியவரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு. வீட்டுக்கு அனுப்பறதுல ரெண்டு விதம் இருக்கே சார்? பிழைச்சுட்டாருன்னும் அனுப்புவாங்க, இனி ஒண்ணும் இல்லன்னும் அனுப்புவாங்க. எதுன்னு கேக்க எனக்கு தைரியம் வரல. கேமராவை எடுத்துக்கிட்டு விடிகாலையில கிளம்பிட்டேன்.

வளவனூர்ல இறங்கி வழி கேட்டுப் போனேன். தெருமுனை திரும்பினதும் நின்னுட்டேன். வாசல்ல செருப்பு நிறைய கிடக்குதா, பெஞ்சு போட்டிருக்காங்களான்னு பார்த்தேன். எதுவும் இல்ல. ஒரு பொம்பளை துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. செங்கமலம், பெரியவரோட பொண்ணு. என்னை யாருன்னு தெரியல. சினிமாக் கம்பெனியிலேர்ந்து வரேன்னேன். "அப்பாவைப் பாக்க இவ்வளவு தூரம் வந்தீங்களா"ன்னு அவங்களுக்குக் கண்ணெல்லாம் கலங்கிடுச்சு சார். "யாருமே வரலைங்க. நீங்களாவது வந்தீங்களே"ன்னாங்க. மோர் குடுத்தாங்க. குடிச்சேன்.

"எப்படி இருக்காரு?"ன்னேன். பேச்சு கொஞ்சம் குழறுது, மத்தபடி தேவலைங்கன்னாங்க. அப்ப உள்ளேர்ந்து ஒரு சத்தம் கேட்டுது சார். சிரிப்புச் சத்தம்! நான் தம்ளரைக் கீழ வச்சுட்டு எட்டிப் பார்த்தேன். பெரியவரைக் கட்டில்ல சாய்ச்சு உட்கார வச்சு ஒருத்தர் சவரம் பண்ணி விடறாரு. பழைய நாடகக் கூட்டாளியாம். ஏதோ ஒரு ஊர்ல ராஜா வேஷத்துக்கு மீசை கழண்டு விழுந்த கதையைச் சொல்றாரு. அங்கப்பன் அய்யா, மூஞ்சியெல்லாம் சோப்பு நுரை, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு. பொக்கை வாய், கண்ணுல தண்ணி. என்ன சிரிப்பு சார் அது! கிடைச்சுடுச்சுடா பூவராகான்னு கேமராவை வெளிய எடுத்தேன்.

ஆனா கேமராவைப் பார்த்துச் சிரிக்கணும். அதுதானே முறை? அதனால உள்ள போய், கட்டிலுக்கு நேரா நின்னு, கொஞ்சம் சத்தமா, செட்டுல சொல்ற மாதிரியே சொன்னேன். "அய்யா, நான் டைரக்டர் வந்திருக்கேன். இங்க பாருங்க."

சிரிப்பு நின்னு போச்சு.

அவரு என்னைப் பார்க்கக்கூட இல்ல சார். என் குரல் கேட்டதும் அப்படியே சரிஞ்சு படுத்தாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. காலை நீட்டி, ரெண்டு கட்டைவிரலையும் ஒண்ணு சேர்த்து வச்சுக்கிட்டாரு. கையை உடம்போட ஒட்டினாரு. வாயை இவ்வளவு திறந்தாரு. நான் சொல்லிக் குடுத்த அதே அளவு. மூச்சு இல்ல.

சவரம் பண்ணினவரு கத்தியைப் போட்டுட்டாரு. செங்கமலம் "அப்பா!"ன்னு அலறிக்கிட்டு ஓடி வந்தாங்க. அந்த ரூம்ல அது நடிப்புன்னு தெரிஞ்சது எனக்கு மட்டும்தான். தெரிஞ்சும் எனக்கு உயிரே போயிடுச்சு. எண்ணினேன் சார். இருபது, முப்பது, நாற்பது... வயிறு துளி அசையல. "அய்யா, ஷாட் முடிஞ்சுது, எழுந்திருங்க"ன்னு நான் கத்தறேன். நான் கத்தக் கத்த அவரு இன்னும் இறுக்கிப் பிடிக்கறாரு. செங்கமலம் அவரு நெஞ்சைத் தட்டறாங்க. கடைசியில தாங்க முடியாம மூச்சு விட்டாரு. விட்டதும், கண்ணைத் திறக்காமயே, குழறிக் குழறிக் கேட்டாரு.

"மன்னிச்சுக்குங்க சார். ஒன் மோருங்களா?"

செங்கமலம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. அப்பதான் அவங்களுக்கு நான் யாருன்னு தெரிஞ்சுது. சத்தம் போடல. "நீங்கதானா அது"ன்னாங்க. அப்புறம், "பேசாதீங்க. ஒரு வார்த்தை பேசாம வெளிய போங்க. உங்க குரல் கேட்டா எங்கப்பா பயப்படறாரு." அவ்வளவுதான்.

என்னைக் கண்டு எதுக்கு சார் பயப்படணும்? நான் அவரை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினவன் இல்ல. அய்யான்னுதான் கூப்பிடுவேன். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த முகத்தைப் பார்த்தப்போ எனக்கு நல்லாத் தெரிஞ்ச முகம் மாதிரி இருந்துச்சு. நாலு வாரமா கண்ணாடியில நான் பாக்கற முகம்.

தெருவுல நின்னு ஜன்னல் வழியா கொஞ்ச நேரம் பார்த்தேன். நாடகக் கூட்டாளி மறுபடி மீசைக் கதையை ஆரம்பிச்சாரு. பெரியவர் சிரிக்கல. வாசப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தாரு. சிரிப்பு இல்லாமத்தான் சார் திரும்பிக்கிட்டு இருக்கேன். வெறும் கேமரா. அவருக்கு என்ன ஆகுமோ, எனக்கு என்ன ஆகுமோ.

இருங்க சார், போன். சவரிதான்.

சொல்லு சவரி... ஆமா, வெளிய இருக்கேன்... எந்த ஷாட்டு? ஓ, அந்த ஏரியல் ஷாட்டு. ஆமா, பாக்கிதான், பாடையும் கூட்டமும் மேலேர்ந்து... பொம்மை வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? ... யாரு? கிடைச்சிருக்காரா? வயசு என்ன? எழுபத்தஞ்சா? ஒல்லியா இருப்பாரா? அதே சாயலா! ... சரி, சரி. நாளன்னிக்கே வச்சுக்கலாம். பன்னெண்டு மணிக்கு வெயில் உச்சியில இருக்கணும், அதுக்கு முன்னாடி பூவெல்லாம் அடுக்கிடுங்க... சவரி, ஒரு நிமிஷம். கேளு. இந்தத் தடவை சிரிப்பு ஷாட்டை முதல்லயே எடுத்துடுவோம். ஆமாடா, காலையில வந்து இறங்கினதும் முதல் வேலையா. சிரிக்க வச்சு எடுத்துட்டு, அப்புறம் படுக்க வைப்போம். வச்சுடு.

அப்பாடா! பார்த்தீங்களா சார், வழி தன்னால வருது. முதல்லயே சிரிச்சுட்டா அப்புறம் எவ்வளவு நேரம் படுக்க வச்சாலும் ஒண்ணும் ஆகாது இல்ல? கூடவே நானும் பக்கத்துல நின்னு சிரிச்சு வச்சுடறேன். எனக்கு இது நாலு வாரத்துக்கு முன்னாடியே தோணாமப் போச்சே! எப்படி சார் யோசனை?

சார்?

ஏன் எழுந்துட்டீங்க? தாம்பரம் வரலையே, இப்பதான் மதுராந்தகம். முன்னாடி சீட்டா? அங்க வெயில் நேரா மூஞ்சியில அடிக்குமே சார். நான் வேணா பேசாம வரேன். வாயே திறக்கல. உட்காருங்க சார். தனியா உட்கார எனக்கு பயமா இருக்கு.